தன்மதிப்பு எங்கே உருவாகிறது? வேதாரண்யத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. வினா

மனிதன் தன்னைப் பற்றித் தன் உள்ளத்தில் தீட்டி வைத்துக்கொள்ளும் சித்திரம் எவ்வாறு உருவாகிறது, அது நோயற்றதாக அமைவதற்கு எது துணை செய்கிறது என்னும் வினா, நூறாண்டுக்கு மேலாக மனோதத்துவ ஆசிரியர்களாலும் கல்வித்துறை அறிஞர்களாலும் ஆராயப்பட்டு வருவதாகும். ஆனால் அவ்வாராய்ச்சியின் சாரமென்று பொதுமக்களிடம் இன்று வந்து சேர்ந்திருப்பவை, கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளுதல், குழந்தையை ஓயாமல் புகழ்தல், தாழ்வான எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம் உயர்வான வாக்கியமொன்றை உச்சரித்து அதனை விரட்டுதல் என்பன போன்ற சில எளிய உபாயங்களே. இவை அனைத்தும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன. தன்மதிப்பு முதலில் உள்ளத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து முதிர்ந்து, அதன் பின்னரே செயலாக வெளிப்படும் என்பதே அவ்வனுமானம். அது எவ்வளவு தூரம் மெய் என்பதைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனைக்குரிய களமாக வேதாரண்யத்தை எடுத்துக்கொள்கிறேன். உப்பளங்களும் மணல்மேடுகளும் சூழ்ந்து, காவிரி நாட்டின் தென்கோடியில் கடலை நோக்கி நிற்கும் அவ்வூர், தேவாரம் பாடப்பெற்ற திருமறைக்காடு என்ற பெயரால் பக்தர்களுக்கும், 1930-ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்தால் தேச சரித்திரம் பயில்வோருக்கும் அறிமுகமானது. தன்மதிப்பைப் பற்றி ஆராய்வோர் இதுவரை அவ்வூரின் பக்கம் அதிகமாகத் திரும்பியதில்லை. திரும்பியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

தமிழ் மரபில் தன்னை மதித்தலும் தன்னை வியத்தலும் வெவ்வேறாகவே வைத்து எண்ணப்பட்டன என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ளுதல் நலம். திருக்குறள் மானத்துக்கென்று ஓர் அதிகாரத்தை வகுத்து, உயிரினும் அதனை உயர்த்திப் பேசுகிறது. அதே நூல் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில், எக்காலத்தும் தன்னைத் தானே வியந்துகொள்ளலாகாது என்று விலக்குகிறது. முன்னது ஒருவன் எதனைச் செய்யான் என்பதால் அறியப்படுவது. பின்னது அவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதோடு நின்றுவிடுவது. தற்கால ஆராய்ச்சியாளர் பலர் இவ்விரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து அளந்ததனால் நேர்ந்த குழப்பங்களை மேலே காண்போம்.

2. கண்ணாடிக் கொள்கையும் அதற்கு நேர்ந்த தடையும்

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் பெருநூலில், ஒருவனுடைய தன்மதிப்பு, அவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட அபிலாஷைகளால் வகுத்தால் கிடைக்கும் ஈவு என்று ஒரு சமன்பாட்டைக் கூறினார். சார்ல்ஸ் கூலி என்னும் சமூகவியல் அறிஞர் 1902-இல், பிறர் நம்மை எவ்வாறு காண்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோமோ, அந்தக் கற்பனையே நமக்குக் கண்ணாடியாகிறது என்றார். இவ்விரண்டினுள் கூலியின் கருத்தே பின்வந்தோரை மிகுதியும் ஆட்கொண்டது. 1965-இல் மாரிஸ் ரோசன்பர்க், நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பயின்ற ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, வளரிளம் பருவத்தினரின் சுயசித்திரத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் அமைத்த பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் இன்றளவும் உலகெங்கும் பிரயோகத்தில் உள்ளது. அதனை அமைத்தவரோ, தான் போதுமானவன் என்று ஒருவன் அமைதியாக உணர்வதையே நல்ல தன்மதிப்பு எனக் கருதினாரேயன்றி, பிறரினும் தான் உயர்ந்தவன் என்று எண்ணுவதை அவ்வாறு கருதவில்லை.

கண்ணாடிக் கொள்கை மெய்யாயின், இகழப்படும் சமூகத்தில் பிறந்த குழந்தை தன்னைத் தானே இகழ்தல் தவிர்க்க இயலாத விளைவாகும். கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940-களில் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து வினவியபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்று தேர்ந்தனர். 1954-இல் பள்ளிகளில் இனவாரியான பிரிவினை சட்டவிரோதம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் இவ்வாராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. ஆயினும் பின்னர் ரோசன்பர்க்கும் ராபர்ட்டா சிம்மன்ஸும் பால்ட்டிமோர் நகரப் பிள்ளைகளை நேரில் வினவியபோது, கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையர் பிள்ளைகளினுடையதைக் காட்டிலும் தாழ்ந்திருக்கவில்லை. 1989-இல் ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் இதற்கு விளக்கம் கூற முற்பட்டனர். இகழ்ச்சிக்கு ஆளானவர்கள் அவ்விகழ்ச்சியைத் தம் குறையாகக் கொள்ளாமல் இகழ்வோரின் பாரபட்சமாகக் கொள்ளவும், தம்மைப் போன்றவரோடு மட்டும் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளவும் வல்லவர்கள் என்பது அவர்கள் கூற்று.

இவ்விவாதத்துக்கு நிகரான ஒன்று தமிழ்நாட்டைப் பற்றியும் நடந்தது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றை ஆராய்ந்த மைக்கேல் மொஃபட், 1979-இல் வெளியிட்ட நூலில், தீண்டாமைக்கு உட்பட்டோர் தம்மை விலக்கிய சாதி அமைப்பின் மதிப்பீடுகளைத் தாமும் ஏற்று, அதே அமைப்பைத் தமக்குள்ளும் படைத்துக்கொண்டனர் என்று முடிவு செய்தார். ஜோன் மென்ச்சர் அதற்கு முன்னரே, 1974-இல், சாதி அமைப்பைக் கீழிருந்து நோக்கினால் அது ஒருமித்த ஒழுங்காகத் தோன்றாது, சுரண்டலாகவே தோன்றும் என்று எழுதியிருந்தார். 1951 முதல் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த கேத்லீன் கஃபின் நூல்களும் மென்ச்சரின் பக்கமே சாய்கின்றன. ஆண்டையின் முன் கைகட்டி நின்ற பண்ணையாளின் பணிவைக் கண்டு, அவன் உள்ளத்திலும் அதே பணிவுதான் இருந்தது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. அவ்விடத்தில் பணியாது நிற்றலின் விலை என்னவென்று அவன் அறிந்திருந்தான். புறத்தே காணும் பணிவு உள்ளத்தின் நகலன்று என்பதை ஒப்புக்கொண்டால், கண்ணாடிக் கொள்கை பாதியே மெய் என்பதும் புலனாகும். ஆயின் மறுபாதி எங்கே இருக்கிறது?

3. சேரன்மாதேவிப் பந்தி

அந்த மறுபாதியைத் தேடுவதற்குமுன், வேதாரண்யத்துக்கு வெளியே நடந்ததாயினும் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத ஒரு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தேசபக்தரும் சிறந்த இலக்கிய விமரிசகருமான வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம், சேரன்மாதேவியில் காங்கிரஸ் நிதியுதவியையும் பெற்று நடைபெற்று வந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், அவர்தம் பெற்றோர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, தனியே உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளியே பரவியதும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கண்டனம் எழுப்பினர். 1925-இன் தொடக்கத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியே அதன்பொருட்டுப் பிளவுபட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஐயர் பாபநாசம் அருவியில் காலமானார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறினார், சுயமரியாதை இயக்கம் உருப்பெற்றது.

இரண்டு சிறுவர்களின் இலைகள் வேறிடத்தில் போடப்பட்டமை ஒரு மாகாணத்தின் அரசியலையே திசைதிருப்பும் அளவுக்குப் பெரிய விஷயமா என்று அக்காலத்தில் பலர் வினவினர். பெரிய விஷயமே என்பது என் கருத்து. அந்தக் குருகுலத்தில் எந்தச் சிறுவனையும் எவரும் இழிவான சொல்லால் ஏசவில்லை. ஐயர் சாதிச் செருக்குடையவர் என்று அவருடைய எதிரிகளும் கூறத் துணியவில்லை. ஏசுவாரின்றியே அவமதிப்பு நிகழ்ந்தது. நாள்தோறும் பசித்து வந்து அமரும் வேளையில், தன் அருகே அமரலாகாது என்று விலக்கி வைக்கப்பட்ட இருவர் வேறிடத்தில் உண்கின்றனர் என்பதை, அவ்விருவருக்குத் தகாதவன் தானே என்ற பொருளில் ஒரு சிறுவன் உணர்ந்துகொள்கிறான். தன்மதிப்பைக் கெடுப்பதற்குச் சொல் வேண்டியதில்லை, ஏற்பாடே போதும் என்பதை இவ்விவகாரம் காட்டுகிறது. அவ்வாறாயின் தன்மதிப்பை வளர்ப்பதற்கும் சொல் போதாது, ஏற்பாடும் வேண்டுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

4. 1930: நடையும் உப்பும்

1930 ஏப்ரல் 13-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ராஜாஜி எனப்படும் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து, 28-ஆம் நாள் வேதாரண்யம் வந்தடைந்தனர். நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை அந்நடைக்கென்றே இயற்றியளித்த பாட்டு வழிநெடுகிலும் ஒலித்தது. 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளிக்கு அருகே, சதுப்பில் இயற்கையாகப் படிந்து கிடந்த உப்பை அள்ளி அவர்கள் சட்டத்தை மீறினர். அன்றே ராஜாஜி கைதாகி, ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

தலைவர்களைக் காட்டிலும் வழியில் இருந்த கிராமத்தார் செய்ததே நம் வினாவுக்கு மிகுந்த ஒளி தருகிறது. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரிக்கை வெளியிட்டிருந்தார். சர்க்காரின் பெயரைக் கேட்டாலே ஒதுங்கி நிற்கப் பழகியிருந்த மிராசு கிராமத்துச் சாமானியர்கள் அதனைக் கேட்டு அடங்கியிருப்பார்கள் என்று எண்ணுதல் இயல்பு. அவர்களோ, சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுச் சென்றனர். சோற்றுப் பாத்திரங்களை ஆற்று மணலில் புதைத்து, இடம் தெரிய அடையாளமும் வைத்துவிட்டுப் போயினர். உணவு தொண்டருக்குக் கிடைத்தது. கொடுத்தவர் யார் என்று போலீசாருக்குத் தெரியவில்லை.

இதனை வீரச்செயல் என்று மட்டும் வருணித்துவிட்டு மேலே செல்லும் வழக்கம் சரித்திர நூல்களில் உண்டு. சற்று நின்று நோக்கினால், மரக்கிளையில் பொட்டலத்தைக் கட்டிய பெண்ணுக்கு, அதற்கு முந்திய நாள் தன்னைப் பற்றி இருந்த எண்ணமும், மறுநாள் அப்பொட்டலம் அங்கில்லாததைக் கண்டபின் இருந்த எண்ணமும் ஒன்றாக இருந்திருக்க முடியாது என்பது விளங்கும். அவள் எவருடைய புகழையும் பெறவில்லை. மறைவாகச் செய்ததாகையால் பெறவும் வழியில்லை. ஆனால் தன் கை செய்த காரியம் ஒன்று, கலெக்டரின் கட்டளையை மீறி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவள் பிரத்தியட்சமாக அறிந்தாள். ஆல்பர்ட் பண்டூரா 1977-இல், ஒருவனுக்குத் தன் ஆற்றலில் நம்பிக்கை பிறக்கும் வாயில்களை நான்காக வகுத்து, அவற்றுள் பிறர் கூறும் ஊக்க மொழியைக் காட்டிலும், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே வலிது என்று எழுதியபோது, இத்தகைய நிகழ்ச்சிகளுக்குச் சாஸ்திர ரீதியான பெயர் ஒன்று கிடைத்தது.

ராஜாஜி சிறைப்பட்ட பின்னரும் வேதாரண்யத்தில் போராட்டம் நின்றுவிடவில்லை. அள்ளிய உப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றவர்களின் விரல்களைப் பிரிக்கப் போலீசார் தடியைப் பிரயோகித்தனர். ருக்மணி லட்சுமிபதி அம்மையார் இங்கே கைதாகி ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற் பெண்மணி என்ற பெயர் பெற்றார். இயக்கத்துக்கு உள்ளூரில் தூணாக நின்ற வேதரத்தினம் பிள்ளை, தம் உடைமைகளை இழந்து சிறையும் ஏகினார். பிற்காலத்தில் சர்தார் என்ற சிறப்புப் பெயரால் அவர் அறியப்பட்டார்.

5. வைரப்பன்

வேதாரண்யத்தில் ஸ்தூபி எழுப்பி நினைவுகூரப்படுபவர்களுள் வைரப்பன் என்னும் நாவிதர் ஒருவர். சத்தியாக்கிரகத்தை அடக்க வந்த போலீசாருக்கு ஊரார் ஒத்துழைக்க மறுத்த காலத்தில், சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் அவர்களுக்குப் பணி செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தனர். தம்மிடம் வந்து அமர்ந்த ஒருவருக்கு வைரப்பன் சவரம் செய்துகொண்டிருக்கையில், அவர் போலீஸ்காரர் என்பது பாதியிலே தெரியவந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு நீதிபதியின் முன் சென்றது. மீதிச் சவரத்தையும் செய்து முடிக்குமாறு நீதிபதி பணித்தபோது, அது தம்மால் ஆகாதென்றும், வேண்டுமாயின் நீதிபதியே செய்துவிடலாம் என்றும் கூறித் தம் கருவிப் பெட்டியை அவர்முன் நீட்டினார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிக்கு வழக்கமாகக் கூறப்படும் வியாக்கியானம் தேசபக்தி என்பது. அது தவறன்று, ஆனால் போதாது. கிராம அமைப்பில் நாவிதரின் தொழில், கூலிக்குச் செய்யும் வேலை மட்டுமாக இருக்கவில்லை. ஊருக்கு அவர் பட்டிருந்த கடமையாக, மறுக்கும் உரிமை இல்லாத ஊழியமாக இருந்தது. எவருக்குச் செய்வது, எவருக்குச் செய்யாதிருப்பது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்தனர். ஒருவரைச் சாதியிலிருந்து விலக்கினால் அவருக்குச் சவரம் செய்யலாகாது என்று ஆணையிடுவார்கள். நாவிதர் அதற்குக் கீழ்ப்படிவார். அவருடைய கை மறுப்பைத் தெரிவிக்கும் கருவியாயிற்று, ஆனால் மறுப்பு பிறருடையது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 1930-இலும் பகிஷ்காரம் தலைவர்களின் திட்டந்தானே, அப்படியானால் வைரப்பனின் மறுப்பும் கடன் வாங்கிய மறுப்பாகாதா என்று வினவலாம். கத்தியை வைத்த கணத்தைப் பொறுத்தமட்டில் இவ்வாட்சேபத்தை முழுதும் தள்ளிவிட இயலாது. நீதிமன்றத்தில் நிலைமை வேறு. அங்கே திட்டம் வகுத்த தலைவர் எவரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பணிந்து மீதிச் சவரத்தைச் செய்துவிட்டால் வீடு திரும்பலாம் என்ற வழி திறந்திருந்தது. அதிகாரத்தின் உருவாக அமர்ந்திருந்தவர் நேருக்கு நேராக ஆணையிட்டார். அந்த இடத்தில் மீண்டும் மறுத்தபோதுதான் அம்மறுப்பு அவருக்குச் சொந்தமாயிற்று. பெட்டியை நீட்டிய செய்கையில், இத்தொழில் எவர் கையாலும் செய்யத்தக்கது, நீதிபதியின் கையும் அதற்கு விலக்கன்று என்னும் பொருள் அடங்கியிருப்பதைக் காணலாம். தம் தொழிலை இழிவென்று அவர் துறக்கவில்லை. அதனை எவருக்குச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையையே கோரினார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தின் பெருந்தலைவராகிய ராஜாஜிக்கும், வேதாரண்யத்து நாவிதராகிய வைரப்பனுக்கும் சர்க்கார் விதித்த தண்டனைக் காலம் ஒன்றே. தன் விருப்பத்துக்கு மாறாகவேனும், அந்நிய சர்க்கார் அவருடைய மறுப்பை ஒரு மனிதனின் மறுப்பாகக் கணக்கில் வைத்தது. கூலி கூறிய கண்ணாடி அன்பான கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. பகைவனின் கண்ணாடியிலும் ஒருவன் தன் முழு உருவத்தைக் காணக்கூடும், அவனுடைய செயலைக் காணாததுபோல் அக்கண்ணாடி இருந்துவிடாதவரையில். முன்னே தேடிய மறுபாதி இங்கே கிடைக்கிறது என்று எண்ணுகிறேன். தன் செயல் கணக்கில் கொள்ளப்படும் என்னும் உறுதியே அது.

6. சவுக்கும் சாணிப்பாலும்

சுயமரியாதை இயக்கத்தார் உப்பு சத்தியாக்கிரகத்தை அக்காலத்திலேயே கண்டித்து எழுதினர். உப்புக்கு வரி நீங்கினால் தீண்டாமை நீங்கிவிடுமா என்னும் அவர்களுடைய கேள்வியின் நியாயத்தைக் காவிரிப் படுகையின் வயல்களே மெய்ப்பித்தன. வேதாரண்யத்தில் வைரப்பன் சிறை சென்று பத்தாண்டுகளுக்குப் பின்னரும், அதே மாவட்டத்தில், தாமதமாக வேலைக்கு வந்த பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுப்பதும், சாணத்தைக் கரைத்துச் சாணிப்பால் என்று சொல்லி வாயில் ஊற்றுவதும் தண்டனைகளாக இருந்தன. இத்தண்டனைகளின் நோக்கம் வலியைத் தருவதோடு நிற்கவில்லை. தன் உடலின்மீதுகூடத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதை, தன் மனைவி மக்களின் கண்முன்னே, ஒருவன் ஏற்றுக்கொள்ளும்படி செய்வதே அவற்றின் நோக்கம்.

1943-இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ், கன்னட நாட்டிற் பிறந்தவராயினும் சேரிக் குடிசைகளிலேயே தங்கி உண்டு, செங்கொடியின்கீழ் விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார். அடித்தால் திருப்பி அடிக்கவும், இழிவாக விளித்தால் அவ்வாறே திருப்பி விளிக்கவும் அவர் கற்பித்தார் என்பதை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். உபதேசத்தோடு அவர் நின்றிருந்தால் விளைந்திருக்கக்கூடியது மேலும் சில சவுக்கடிகளே. சங்கம் இருந்தது, சங்கத்தின் பின்னே கூட்டாக வேலையை நிறுத்தும் வலிமை இருந்தது, 1944-இல் மன்னார்குடியில் மிராசுதாரர்களோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952-இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. உப்பளத்தில் சட்டத்தை மீறிய தலைவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் வயலுக்குச் சட்டம் இயற்ற நேர்ந்தது, வயலில் நின்றோர் அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்ததனாலேயே.

இங்கும் வரிசை அதுவேதான். தம்மை உயர்வாக எண்ணத் தொடங்கியதன்பின் அவர்கள் நிமிரவில்லை. மொஃபட் கூறியதுபோல் இகழ்ச்சியை முழுதும் ஏற்றிருந்தால் ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் திரண்டிருக்க இயலாது. கிராக்கரும் மேஜரும் கூறியதுபோல் உள்ளத்துத் தற்காப்பு மட்டுமே போதுமானதாயிருந்தால் சங்கமே வேண்டியிருந்திராது. உள்ளம் முழுதும் கெட்டுவிடாமல் உயிர்த்திருந்தது. அது வெளிப்படுதற்குரிய ஏற்பாடு பின்னர் வந்தது. அவ்வேற்பாட்டுக்கு எதிர்ப்பு எத்துணைக் கொடியதாக இருந்தது என்பதற்கு, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் எரிந்த நாற்பத்து நான்கு உயிர்களே சாட்சி.

7. கன்னியா குருகுலம்

போராட்டக் காலத்தில் எழும் தன்மதிப்பு போராட்டம் ஓய்ந்தபின்னும் நிலைக்க வேண்டுமாயின், அதற்கு அன்றாட வாழ்வில் ஓர் இருப்பிடம் வேண்டும். சர்தார் வேதரத்தினம் 1946-இல் வேதாரண்யத்தில் நிறுவிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தை அந்நோக்கில் காணலாம். சிறையிலிருந்தவாறே 1944-இல் உயிர்நீத்த கஸ்தூர்பா அம்மையாரின் பெயரைத் தாங்கி, ஆதரவற்ற பெண்களுக்கும் ஏழைச் சிறுமியருக்கும் தங்குமிடமும் கல்வியும் கைத்தொழிலும் அளிப்பதற்கென அது எழுந்தது. பெண்ணுக்கு எழுத்தறிவே மிகை என்று எண்ணிய குடும்பங்கள் நிறைந்திருந்த கடற்கரைப் பகுதியில் பெண்களுக்கென்றே ஓர் உறைவிடக் கல்விக்கூடத்தை எழுப்பியது, சாதாரண துணிவன்று. 1961-இல் அவர் மறைந்த பின்னரும் அது பல கிளைகளோடு வளர்ந்து இன்றும் நடைபெற்று வருகிறது.

காந்தியடிகள் 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டம் என்னும் சிறுநூலில், தீண்டாமை ஒழிப்பு, கதர், ஆதாரக் கல்வி, பெண்கள் முன்னேற்றம் ஆகியவை ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. அடக்குமுறையை எதிர்த்தலும் நூல் நூற்றலும் அவருக்கு ஒரே காரியத்தின் இரு முகங்கள். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் வடிவம்பெற்ற ஆதாரக் கல்வியின் உயிர்நாடி, குழந்தை தன் கையால் பயனுள்ள பொருளொன்றை உண்டாக்குவதன் வாயிலாகக் கற்க வேண்டும் என்பது. பொருளாதார நோக்கிலிருந்து இதனைக் குறைகூறியவர் பலர். அவர்களுள் சிலருடைய வாதம் வலிமையானதே, குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளைக் கைத்தொழிலிலேயே நிறுத்திவிடக் கூடாதென்ற எச்சரிக்கை. ஆனால் தன்மதிப்பின் நோக்கில் அம்முறைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பெற்றோரை இழந்து வந்த சிறுமி ஒருத்தி தறியில் ஒரு முழம் துணி நெய்துவிட்டால், அந்த ஒரு முழம் அங்கே இருக்கிறது, அளந்து பார்க்கலாம், பிழையிருந்தால் இழை காட்டிக்கொடுக்கும், பிழையின்றி இருந்தால் அதனை எவரும் தயவாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பெற்றது இரக்கமா மதிப்பா என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. ஆதரவற்றோர் இல்லங்கள் பலவற்றில் சோறும் துணியும் கிடைத்தும் பிள்ளைகளின் முதுகு நிமிராததற்கு, பெறுதல் மட்டும் இருந்து அளித்தல் இல்லாமையே காரணம் என்று தோன்றுகிறது.

8. புகழ்ச்சியின் எல்லை

செயலின் வாயிலாகத் தன்மதிப்பை வளர்க்கும் இவ்வழிக்கு நேர்மாறான வழியை ஒரு பெரிய ராஜ்யம் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஜான் வாஸ்கான்செலோஸ் என்னும் சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1986-இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென ஒரு குழுவை நியமித்து, 1990-இல் அறிக்கையும் வெளியிட்டது. தன்மதிப்பு உயர்ந்தால் போதைப் பழக்கமும் குற்றமும் கல்வித் தோல்வியும் குறையும் என்பது அம்முயற்சியின் நம்பிக்கை. ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2003-இல் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்டபோது, உயர்ந்த தன்மதிப்பு நல்ல மதிப்பெண்களை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று மிக மெலிந்ததாகவே இருந்தது; நன்றாகப் படித்ததன் விளைவாகவே ஓரளவு தன்மதிப்பு உயர்வதும் தெரிந்தது. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட பரிசோதனையில், புத்திசாலி என்று புகழப்பட்ட சிறுவர்கள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றபின் தளர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் அவ்வளவு தளரவில்லை. தன்னை வியத்தலைத் தமிழ் மரபு விலக்கியது வெறும் அடக்கப் போதனையன்று என்பதற்கு இவை வலுவூட்டுகின்றன.

ஆயினும் பாமைஸ்டரின் முடிவை மட்டும் பற்றிக்கொண்டு, தன்மதிப்பைப் பற்றிய கவலையே வீண் என்று தள்ளிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2004-இல் வெளியிட்ட பரிசோதனை அதனைத் தடுக்கிறது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பயிலும் சிறுவர்களிடம், மேற்சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியினர் 321 பேர் என, புதிர்வழிப் படங்களைக் கொடுத்து, விடுவித்த ஒவ்வொன்றுக்கும் பணம் தருவதாகக் கூறினர். சாதி வெளியிடப்படாதபோது இரு சாராரும் சமமாகவே விடுவித்தனர். ஒவ்வொருவருடைய பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தபின், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் பெரிதும் குறைந்தது. ஆராய்ச்சி இதனோடு நின்றிருந்தால், அறிவிப்பைக் கேட்டதும் அச்சிறுவர் தம்மைத் தாழ்வாக எண்ணிக்கொண்டனர் என்று நாம் முடிவு கட்டியிருப்போம். ஆனால் பரிசு மனிதரின் கையை விட்டுக் குலுக்கல் சீட்டைச் சார்ந்ததாக அமைக்கப்பட்டபோது, சாதி அறிவிக்கப்பட்டும் அவ்வேற்றுமை மறைந்துவிட்டது. தம் அறிவில் அச்சிறுவர்கள் ஐயம் கொள்ளவில்லை. தம் உழைப்பை எதிரே நிற்கும் பெரிய மனிதர் நேர்மையாகக் கணக்கில் வைப்பாரா என்பதிலேயே ஐயம் கொண்டனர். அவர்களுடைய அனுபவம் அவ்வையத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

வைரப்பனின் நீதிமன்றத்தையும், மன்னார்குடி ஒப்பந்தத்தையும், தறியில் கிடக்கும் ஒரு முழத் துணியையும் இணைக்கும் இழை எதுவென்று கண்டோமோ, அதே இழையை இப்பரிசோதனை வேறொரு மாநிலத்தில், வேறொரு காலத்தில், எண்களாக வெளிப்படுத்தியிருக்கிறது. அதனால் ஒரு பிள்ளையின் சுயசித்திரம் நலிந்திருக்கக் கண்டால், அவனை உட்காரவைத்து அவனுடைய எண்ணங்களைத் திருத்த முற்படுவதற்கு முன்னே, அவன் உட்காரும் வகுப்பில் அவனுடைய செயல் எவ்வாறு எண்ணப்படுகிறது என்று பார்ப்பதே முறை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவன் உடன்பயில்வோராலேயே சாதியின்பொருட்டு வெட்டப்பட்டதைத் தொடர்ந்து தமிழக அரசு நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் அளித்த பரிந்துரைகளுள் இவையும் உள்ளன: பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குதல், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்தல், மாணவரின் வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரமோ பத்தியோ இல்லாதிருத்தல், ஆசிரியர் எந்த மாணவனையும் சாதியைக் குறித்து அழையாதிருத்தல். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தம் மேசையிலிருந்தே இன்றைக்கே செய்யத்தக்க காரியங்கள் இவற்றுள் உண்டு. வருகைப் பதிவேட்டின் அந்தப் பத்தியை நீக்குவதற்குப் புதிய நிதியோ, மனோதத்துவ நிபுணரோ தேவையில்லை.